பத்தாம் வீடு

ரொசாரியோவில் ஜனவரி வெக்கை.
மின்விசிறி சீட்டைக் கிளப்பாதிருக்க
எட்டு நாணயங்களின் மேல் ஒரு கரண்டி வைத்தேன்.

ஓவிடியோவுக்கு நாற்பத்தொன்று.
பதினெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறான்.
"இதுதானா என் வேலை?" என்றான்,
சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதுபோல்.

சக்கரத்தைப் பார்த்தேன்.
கன்னியில் சனி, பத்தாம் வீட்டு வாசலில்.
பிறந்த நேரம் மட்டும் உறுதியில்லை:
"கரண்ட் போயிருந்தது" என்றாளாம் அம்மா.
பத்து நிமிஷம் பிசகினால்
சனி ஒன்பதுக்குக் குடி பெயர்ந்துவிடும்.

அடுத்த சீட்டு, தொங்குபவன்.
காத்திருத்தல், விட்டுக்கொடுத்தல்,
உலகைத் தலைகீழாகப் பார்த்தல்:
எனக்கு மனப்பாடம். வாயெடுக்குமுன்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சீட்டை வெளிச்சத்தில் பிடித்தான்.

"யார் போட்ட முடிச்சு இது?
கணுக்காலில் ஒரே சுற்று.
கம்பமும் பச்சை மரம், வளையும்.
முதலில் இவனை இறக்கணும்."

மின்கட்டண ரசீதின் பின்னால்
எப்படிக் கட்டுவதென்று
மூன்று கோட்டில் வரைந்தும் காட்டினான்.
அந்த முகம் அமைதியாக இருப்பதை
அவன் கவனிக்கவேயில்லை.

பலன் சொல்ல மறந்தேன். காசு மட்டும் வாங்கினேன்.

"நெலிடா, உங்கள் லிஃப்ட் முனகுகிறது" என்று
படிக்கட்டில் இறங்கினான்,
மாடிக்கு மாடி இரும்புக் கதவைத் தட்டிக் காதுவைத்தபடி.
நான்கு.
மூன்று. அங்கே வெகுநேரம்.

என் பத்தாம் வீடு காலி.
இருபத்து மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று,
காலி வீடு குறையில்லையென்று.
கரண்டியை எடுத்தேன்.
விசிறியை நிறுத்தவில்லை.