எண்ணெய்க் கை

செங்கலடிச் சந்தியில்
பதினொரு வருடமாக ரோல்ஸ் பொரிக்கிறேன்.
மிதிவெடி, வாய்ப்பன், உளுந்து வடை.
எண்ணெய் பதத்துக்கு வந்ததா என்று
நான் எட்டிப் பார்ப்பதில்லை,
சத்தம் சொல்லும்.

தை மாத கிளினிக்கில்
மலருக்கு இருநூற்றுப் பதினெட்டு.
எனக்கு நூற்றெண்பது.
இரண்டு துண்டையும் ஒரே சட்டைப்பையில் மடித்து வைத்தேன்.
"நல்ல சோடிதான்" என்றாள்,
சிரிக்காமல்.

"வீட்ட ஆர் சமைக்கிற?" என்று கேட்டாள் தாதி.
மலர் கார்மென்ட்ஸுக்கு ஆறு மணி பஸ் பிடிப்பவள்.
நான் கையைத் தூக்கினேன்,
விடை தெரியாமலே வகுப்பில் தூக்குகிறவன் மாதிரி.
சமையலாம்!
விற்காமல் மிஞ்சிய ரோல்ஸும்
கடைப் பாணும்
சோடாவும்தான் எங்கள் இராச் சாப்பாடு.

தவிடு போகாத சிவப்பரிசி வாங்கினேன்.
வெள்ளை அரிசிக்கு வைக்கிற தண்ணீரையே வைத்தேன்.
வேக மறுத்தது.
நிதுர்சன் கோப்பையோடு கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினான்.
கோழி ஒருமுறை கொத்திவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தது.

மறுகா, பொன்னாங்காணி.
மலரின் தேத்தண்ணி இடைவேளையில் போன் எடுத்தேன்.
பின்னால் நூறு மெசின் இரைய
"மூடி போடாதீங்க, கறுத்துப் போகும்" என்று கத்தினாள்.
மூடி போட்டுப் பத்து நிமிடமாகியிருந்தது.
அதைச் சொல்லவில்லை.

கைதான் பெரிய எதிரி.
நான் வேறெதையோ நினைத்திருக்கும்போது
அது பாட்டில் போய் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கும்.
கடைசியில் அதை அலுமாரிக்கு மேல்
கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தேன்.
கதிரை போட்டு ஏறினால்தான் எட்டும்.
இரண்டு முறை ஏறியிருக்கிறேன்.

உன்னிச்சைக் குளத்து மீன் ஒரு கிலோ
பொரியாமல்,
மஞ்சளும் மிளகும் பழப்புளியும் கரைத்து
புளியாணம்.
பயறு, முருங்கை இலை, பூசணி தோலோடு.
இந்தச் சமையலில் எதற்கும் சத்தமில்லை.
காதை வைத்துக் காத்திருந்து பார்த்தேன்,
பயறு ஒன்றும் சொல்லாது.
ஒன்றை எடுத்து விரலால் நசுக்கித்தான்
அதனிடம் கேட்க வேண்டும்.
சூட்டில் விரல் நுனி சிவந்தது.
ஆயிரம் முறை எண்ணெய் தெறித்த கை
வெறும் தண்ணீருக்குத் துடித்தது.

குரக்கன் பிட்டை ஒருநாள்
மகள் கிண்ணம் வழித்துத் தின்றாள்.
அடுத்த நாளும் அதையே அவித்தேன்.
தொடவில்லை.
ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பின்னேரம் ரியூசன் விட்டு வந்த பொடியன் ஒருவன்
இரண்டு ரோல்ஸ், ஒரு மிதிவெடி என்றான்.
நிதுர்சனின் வயதுதான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினைந்தாம் திகதி லீசிங்காரன் வருவான்.
கடதாசியில் எண்ணெய் ஊறி விரிந்த வட்டத்தை
கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன்,
அவ்வளவுதான்.

இப்போது கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில்
அவித்த கௌப்பி வைக்கிறேன்,
தேங்காய்ப்பூவும் இடித்த செத்தல் மிளகாயும் தூவி.
நேற்று மூன்று பேர் வாங்கினார்கள்.
ஒருவர் பதுளைவீதி பஸ்ஸின் சாரதி.
ஒருத்தி அந்தத் தாதி.
மூன்றாமவர் ரோல்ஸ் முடிந்துவிட்டதால் வாங்கினார்.

பங்குனி கிளினிக்.
மலருக்கு நூற்று எழுபத்தாறு.
எனக்கு அதே நூற்றெண்பது.

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.
கொம்மாதுறை தாண்டியபோது
"கடையில களவாத் தின்னுறீங்க, என்ன?" என்றாள்.
"முறிஞ்சத விக்க ஏலாதே, மலர்."

பதில் சொல்லாமல்
என் வலது கையை எடுத்து
மூக்கருகே கொண்டுபோய்
மணந்து பார்த்தாள்.