பயன்பாட்டு வகை

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
குடியிருப்பு. வணிகம்.
மூன்றாவதாக எதையும் எழுத
அச்சடித்தவர்கள் இடம் விடவில்லை.

அடையாறு, காந்தி நகர்,
ஒரு குறுக்குத் தெருவில் இரண்டாம் மாடி.
புகார் கொடுத்த சங்கச் செயலாளர் பிரணதார்த்தி
நோட்டுப் புத்தகத்தோடு கேட்டிலேயே நின்றிருந்தார்.
பிப்ரவரியிலிருந்து வந்துபோனவர்கள்
அறுபத்து மூன்று பேர்.
நாயன்மார் கணக்கு என்றேன். சிரிக்கவில்லை.
ராத்திரி ஒரு மணிக்குப் பெட்டி உருள்கிற சத்தம்,
சம்ப்பில் தண்ணீர் பதினொரு மணிக்கே காலி,
லாரிக்காரனுக்கு மாதம் நாலாயிரம் கூடுதல்.
"தினம் ஒரு புது முகம் சார்,
எத்தனை பேருக்கு குட்மார்னிங் சொல்றது?"
நியாயம்தான். எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்காரி ஜெசிந்தா மெல்போர்னில்.
போனில் அவர் குரலுக்குப் பின்னால்
யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
"என் வீடு, என் வரி.
விருந்தாளி வந்தா லைசென்ஸ் கேப்பீங்களா?"
காசு வாங்கினால் அது விருந்தா என்று கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.

சாவி, நாலு எண்கள் கொண்ட சின்னப் பெட்டிக்குள்.
அதைத் திறந்தவள் தேசராணி,
ஊரூர்க் குப்பத்திலிருந்து பெருக்கித் துடைக்க வருகிறவள்.
"தலகாணியில முடி கொத்துக் கொத்தாக் கெடக்கும் சார்.
மொதல்ல அருவருப்பா இருந்துச்சு.
அப்புறந்தான் தெரிஞ்சுது."

கோடையில் இதே ஹாலில்
ஒன்பது பையன்கள் பிறந்தநாள் கொண்டாடி
பால்கனியிலிருந்து கேக் தெருவில் விழுந்ததாம்.
அதுவும் நோட்டில் இருந்தது, தேதியோடு.

இப்போது சில்சார் ஊர்க்காரர் பிமலேந்து.
உள்ளறையில் அவர் மனைவி, சுவர்ப்பக்கம் திரும்பி.
கடுகெண்ணெயில் மீன் வெந்துகொண்டிருந்தது
(புகாரின் மூன்றாம் பத்தி: துர்நாற்றம்).
எனக்கு இந்தி வராது.
அவருக்குத் தெரிந்த தமிழ்
ரத்தம், டோக்கன், நாளைக்கு வாங்க.
விரல்களால் சொன்னார்:
இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி,
மொத்தம் ஆறு, முடிந்தது இரண்டு.
ஊருக்குப் போய்வர ரயிலில்
ஒரு பக்கமே மூன்று நாள்.
வாரவாரம் பணம் கட்டி
வாரவாரம் புது விருந்தாளி ஆகிறார்.

முப்பது நாளுக்குக் குறைந்தால் தங்கல்,
கூடினால் வாசம்.
எங்கள் சுற்றறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது,
ஐந்தாவது வரியில், தடித்த எழுத்தில்.

நான் மடிப்பாக்கத்தில் இருக்கிறேன்.
பதினோரு மாத ஒப்பந்தம்.
பன்னிரண்டாவது மாதத்தை எழுதினால்
பத்திரப்பதிவுக்குப் போகவேண்டும் என்பதால்
எந்த வீட்டுக்காரரும் எழுதுவதில்லை.
ஆறு வீடு மாறியாயிற்று.
ரேஷன் கார்டு இன்னும் நங்கநல்லூரில்,
ஆதாரில் பல்லாவரம்,
கேஸ் புத்தகம் எங்கே என்று மனைவிக்குத்தான் தெரியும்.
எவனாவது படிவத்தோடு என் வாசலில் வந்து நின்றால்
எந்தக் கட்டத்தைக் காட்டுவேன்?

பிமலேந்து நாற்காலி போட்டார். உட்காரவில்லை.
உட்கார்ந்தால் டீ வரும்,
டீ வந்தால் எழுத வராது.

மாடிப்படியில் நின்று
வணிகம் என்பதில் டிக் அடித்தேன்.
வணிகம்தான், அதில் சந்தேகமில்லை.
நோட்டீஸ் தேதியை மட்டும் காலியாக விட்டேன்.
கருணை என்று நினைக்கவேண்டாம்,
சீல் ஆபீஸில் இருந்தது.
இறங்கும்போது இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தேன்.
நாலு ஊசி, எண்பத்து நாலு நாள்.
ஆடி போய் ஆவணியும் முடிந்துவிடும்.

"என்ன போட்டீங்க?" என்றார் பிரணதார்த்தி.
மேலே ஒரு அம்மா வாந்தி எடுக்கிறாங்க,
குழாயில் தண்ணி இல்லை என்றேன்.
ஒன்றும் பேசாமல் மோட்டார் அறைக்குப் போனார்.
அது இருமி, அடங்கி, பிறகு ஓடத் தொடங்கியது.
நோட்டைப் பிரித்து
நேரம் குறித்துக்கொண்டார்:
நாலு பத்து.