இடப்பக்கச் சிறகு

என் முகத்து மங்குக்கு
இந்த ஊரில் வண்ணத்துப்பூச்சி என்று பெயர்.
மூக்குத் தண்டு உடம்பு,
கன்னத்துக்கு ஒன்றாக இறக்கை.
என்னுடையது நொண்டிப் பூச்சி.
இடப்பக்கச் சிறகு மட்டும்
காதுவரை விரிந்து கிடக்கிறது.

லான்சோ நகரில்
நூற்று முப்பத்தொன்றாம் எண் பேருந்து, பதினோரு வருடம்.
மேற்கே போகையில் மஞ்சள் ஆறு இடப்பக்கம்,
வெயிலும் இடப்பக்கம்.
சீட்டு வாங்காமல் ஏறி
என் கன்னத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
கடைசி நிறுத்தம்வரை எழுந்திருக்காது.

மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடி
வைத்தியர் பெங் ஷூமிங்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவர் மாதிரி.
நாக்கை நீட்டச் சொன்னார்.
நீட்டினேன்.
பெரியவர் ஒருவரிடம் நாக்கு நீட்டி
முப்பது வருடமாகிறது.

தூக்கம்?
நாலு மணிக்கு எழுந்தால்தான் முதல் வண்டி.
மாதவிலக்கு?
பயணிகளைப் போல. வந்தால் கூட்டமாக வரும்.
கோபம்?
வண்டி ஓட்டுகிறேன் ஐயா.

அதையும் எழுதிக்கொண்டார்.

ஈரலில் காற்று தேங்கியிருக்கிறது,
போக வழியில்லாமல் முகத்துக்கு வந்து
கறையாக உட்கார்ந்திருக்கிறது, என்றார்.
ஈரல் வலப்பக்கம்தானே, கறை ஏன்
இடப்பக்கம் அதிகம், என்றேன்.
இழுப்பறையைத் திறந்து மூடினார்.
எதுவும் எடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தராசில் வந்தன.
வெள்ளைப் பியோனி வேர்.
பைன் வேரில் விளைந்த வெள்ளைப் பூஞ்சை.
விறைத்துச் செத்த பட்டுப்புழு,
அதற்கும் பெயரில் வெள்ளை உண்டு.
ஏழு சரக்கு, ஏழும் வெள்ளை.
வெள்ளையைத் தின்றால் வெள்ளையாகலாம்;
அப்படியானால் இந்த ஊர்க்காரர்களெல்லாம்
நூடுல்ஸ் நிறத்தில்தானே இருக்க வேண்டும்?
கேட்கவில்லை. சிரிப்பை விழுங்கினேன்.

பொட்டலத்தைச் சணலால் கட்டும்போது
சட்டைக் கை மேலேறியது.
முட்டிவிரல் முதல் முழங்கைப் பாதிவரை
சுண்ணாம்பில் முக்கி எடுத்த கை.
சட்டென்று இழுத்துவிட்டார்.
அதற்குள் பார்த்துவிட்டேன்,
பக்கக் கண்ணாடி பார்த்தே பழகிய கண்.

இதற்கு மருந்து?

இதற்கு எல்லாமே கறுப்பு, என்றார்.
கறுப்பு எள், கறுத்த கிழங்கு, முசுக்கட்டைப் பழம்.
இருபது வருடம் சாப்பிட்டேன்.
தலைமுடிதான் கறுத்தது.

தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.
அறுபத்தெட்டு வயதில்
காக்கை மாதிரித் தலை.

பணிமனை ஓய்வறையில்
சோறு வடிக்கும் குக்கரில் கஷாயம் வைத்தேன்.
யார் செருப்பை வேகவைக்கிறது என்றாள் மா சூயிங்.
கசப்பு, கசப்புக்குப் பின்னால் மண்,
மண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு,
அது வந்து சேர்வதற்குள்
அடுத்த வண்டிக்கு நேரமாகிவிடும்.

மூன்றாம் புதன்கிழமை
வைத்தியர் என் வண்டியில் ஏறினார்.
அட்டையைத் தட்டினார், வணக்கம் சொல்லவில்லை.
என் இருக்கைக்கு நேர்பின்னே, சன்னலோரம்.
கடைசி நிறுத்தத்தில் இறங்கி
எதிர் வண்டி பிடித்துப் போய்விட்டார்.

மறுவாரச் சீட்டில் அதே ஏழு வெள்ளை.
அவற்றுக்குக் கீழே, அதே தூரிகை எழுத்தில்:
கறுப்புத் துணி, ஒன்றரை அடி.
இடப்பக்கச் சன்னலுக்கு.
கண்ணாடி மறையாமல் கட்டவும்.

கட்டியிருக்கிறேன்.
சிறகு சுருங்குகிறதா தெரியவில்லை.
மா சூயிங் சுருங்குகிறது என்கிறாள்,
அவள் என்னிடம் முந்நூறு யுவான்
கடன் வாங்கியிருக்கிறாள்.

இப்போதெல்லாம் புதன்தோறும் வருகிறார்.
அதே இருக்கை. அங்கே திரை கிடையாது.
கை நிறைய ஏதோ எண்ணெய்,
சட்டையை முழங்கைவரை சுருட்டி
சன்னல் விளிம்பில் வைத்துக்கொள்கிறார்,
நான் தள்ளிவிட்ட வெயிலில்.

உட்கண்ணாடியில் தெரிகிறது அந்தக் கை.
ஆற்றுப் பாலத்துச் சிக்னலில் பச்சை விழுந்தும்
பின்வண்டி ஹாரன் அடிக்கும்வரை
கிளட்சை விடாமல் நிற்கிறேன்.