நாலாம் தூண்

உடையார்கட்டில் அந்த வீடு
கிழக்கு மூலையில் ஒரு முழங்காலை மடித்திருந்தது.
வீட்டுத்திட்ட வீடு. இலக்கம் நூற்றிப் பதினேழு
சுவரில் இன்னும் அழியவில்லை.
யன்னலடியிலிருந்து கூரை வரைக்கும் வெடிப்பு,
தீப்பெட்டி அகலம்.
சந்திரமதியக்கா அதற்குள்
கரண்ட் பில், சீப்பு, கூப்பன் அட்டை
எல்லாம் செருகி வைத்திருந்தா.
"அலுமாரி வாங்கேல்லை" என்றா,
சிரிக்காமல்.

மாரிக்கு ஊதிக் கோடைக்குச் சுருங்கும் மண் என்று
மூன்று மேசன்மார் வந்து
மூன்று தரம் பூசிப் போயிருக்கிறார்கள்.
பூச்சு வெடிப்பைத் தைக்கும்.
மண்ணைத் தைக்காது.

நாங்கள் கொண்டுபோனது இரும்புத் தண்டு,
நுனியில் ஒற்றைச் சுற்றாய்த் தகடு.
அடிப்பதில்லை, முறுக்கி இறக்குவது.
கோகுலரூபன் பெக்கோவில்.
நான் மானியில்.
மண் தன்னை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறது என்று
முள் ஏறிச் சொல்லும்.

முன்னர் இதே பக்கத்து மண்ணை
சிறுவாரியால் விரலாழம் விரலாழமாய்ச் சுரண்டியவள் நான்.
முகத்தில் கண்ணாடி மறைப்பு,
தொண்டை வரை கவசம்.
அப்போது கருவி கத்தினால் பயம்.
இப்போது முள் பேசாவிட்டால்.

முதல் தூண் பதினாலடியில் பிடித்தது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது, மூலைக்கு.
ஐந்தடியில் முள் விழுந்தது.
பூச்சியம்.
கயிறறுந்த வாளிபோலத் தண்டு
தன்பாட்டில் ஒரு முழம் இறங்கி
எதிலோ முட்டி நின்றது.
என் கை உயர்ந்தது, சொல்லாமலே,
அந்தப் பழைய கை.

எதிர்ப்பக்கம் சுற்றி எடுத்தோம்.
தகட்டில் நீல நைலக்ஸ் சேலைத் துண்டு,
வாய் தைத்த மண்மூட்டையின் ஒரு மூலை.
கைத்தையல். எட்டம் எட்டமாய், அவசரமாய்.
உள்ளே ஒட்டியிருந்த மணல் ஈரமாய்க் கிடந்தது.

"பங்கர்தான்" என்றா சந்திரமதியக்கா.
"எஞ்சினியர் கேட்டவர், குழி ஏதும் இருந்ததோ எண்டு.
இல்லையெண்டனான்.
ஓமெண்டால் வீடு தள்ளிப் போகும்,
காணி காணாது,
பெயரை வெட்டுவினம்."

'ட' எழுத்துப் போல வெட்டினதாம்.
படுத்த கோட்டில் இவையள் ஐந்து பேர்.
நிமிர்ந்த கோட்டில் பக்கத்து வீட்டார்.
மேலே எட்டுப் பனங்குற்றி.
திரும்பி வந்தபோது குற்றியைத் தொடாமல்
மேலால் மண்ணைப் போட்டு மூடி
அதன்மேல் அத்திவாரம்.
பனை ஆறுதலாய்த்தான் உக்கியிருக்கிறது.
அது உக்க உக்க
வீடு அந்த இடத்துக்கு இறங்கியிருக்கிறது.

துணியை வாங்கி விரித்துப் பார்த்தா.
"இது என்ரை இல்லை.
என்ரை மஞ்சள்."
வேறொன்றும் சொல்லவில்லை.
வேலிக்கம்பியில் போட்டுவிட்டு
எங்களுக்குத் தேத்தண்ணி வைக்கப் போனா.

குழியைத் தாண்ட வேண்டுமென்றால்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
மூன்று தூண் கணக்கு நாலாயிற்று.
நாலாவதன் காசு
கச்சான் பிடுங்கினபிறகு, மூன்று தவணையில்.
கோகுலரூபன் என்னைப் பார்த்தான்.
நான் மானியைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு அடியில் முள் ஏறியது.
பதுங்கின ஆழத்துக்கும் கீழே
மண் இறுக்கமாய்த்தான் இருந்திருக்கிறது.

பிறகு அத்திவாரத்தின் அடியில் தாங்கி பூட்டி
ஜாக்கை அரைச் சுற்று, அரைச் சுற்றாய்.
சுவர் ஒருக்கால் முனகியது.
பல்லியொன்று வெளியே குதித்தது.
வெடிப்பு ஒடுங்கத் தொடங்க
அக்கா ஓடிவந்து சீப்பை இழுத்தா, பில்லை இழுத்தா.
கூப்பன் அட்டை பிந்திவிட்டது.
அதன் ஒரு மூலை இப்போதும்
சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
இழுத்தால் கிழியும்.

வீடு குடிவந்த நாளிலிருந்து கொழுவாத பின்கதவு
கொழுவியது.
ஒருதரம் கொழுவிப் பார்த்தவ
உடனே திறந்துவிட்டா.

பெக்கோவை நிறுத்தினோம்.
கையில் பில்லோடு
கதவுக்கும் சுவருக்கும் நடுவே நின்று
"இனி இதையெங்க வைக்கிறது" என்று கேட்டா
சந்திரமதியக்கா,
எங்களிடம் இல்லை.