எண்பத்திரண்டாவது இலை

டிசம்பரின் முதல் ஞாயிறு. நெப்ராஸ்காவில் பனி நின்றுவிட்டது,
காற்று நிற்கவில்லை.
நூற்றுப்பத்து ஜெர்சிகளைத் துவைத்து, மடித்து,
பெட்டியில் அடுக்கி நாடா ஒட்டிவிட்டேன்.
பன்னிரண்டு ஆட்டத்தில் ஐந்து ஜெயம்.
பவுல் ஆட்டத்துக்குப் போக ஆறு வேண்டும்.
அந்த ஆறாவது, போன சனிக்கிழமை
கோல் கம்பத்தில் பட்டு
எங்கள் பக்கமே திரும்பி விழுந்தது.
உதைத்த பையன் ராட்ஸ்லாஃப்
அன்று போட்டிருந்த காலுறையை
இன்னும் சலவைக்குப் போடவில்லை.
நானும் கேட்கவில்லை.

பவுல் என்றால் கிண்ணம்.
கிண்ணத்துக்கு ஒரு முதலாளி:
மெத்தைக் கடை, டயர் கம்பெனி, உருளைக்கிழங்கு வாரியம்.
அக்டோபரிலேயே வருவார்கள் ஆரஞ்சுக் கோட்டுக்காரர்கள்,
பெண் பார்க்க வந்தவர்களைப் போல.
கொடுத்ததைச் சாப்பிடுவார்கள், குறை சொல்ல மாட்டார்கள்,
ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.
அவர்கள் எண்ணுவது டச்டவுன் அல்ல.
இந்த ஊரில் எத்தனை பேர் விமானம் ஏறுவார்கள்,
எத்தனை ராத்திரி ஓட்டலில் தங்குவார்கள்.
ஒன்பது ஜெயித்தவனை உட்காரவைத்துவிட்டு
ஏழு ஜெயித்தவனைக் கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.
அந்த ஏழுக்குப் பின்னால்
நாற்பதாயிரம் சிவப்புத் தொப்பிகள் இருந்தன.

சாம்பியன் பட்டத்துக்கு ஆடுகிறவர்களின் கதை தனி.
அவர்களை ஒரு குழு கதவைச் சாத்திக்கொண்டு பொறுக்குகிறது.
நான் சொல்வது மிச்சப் பந்தியை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபோன்.
இந்த வருஷம் எண்பத்திரண்டு இலை போட்டிருக்கிறார்கள்.
ஆறு ஜெயித்துக் கை நனைக்க வந்தவர்கள்
எண்பத்தொரு பேர்தான்.
இலை காலியாக இருக்கக் கூடாது,
விளம்பரம் விற்றாயிற்று.
ஆகவே ஐந்து ஜெயித்தவர்களை வரிசையில் நிறுத்துவார்கள்.
ஆட்டத்தை வைத்து அல்ல,
படிப்பை வைத்து:
யாருடைய பையன்கள் பாதியில் ஓடாமல்
பாஸ் பண்ணினார்கள் என்று ஒரு நாலு வருஷக் கணக்கு.
வரிசையின் தலையில் நாங்கள்.
அடுத்தவனைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

மாடியில் யாரோ கத்தினார்கள், யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள்.
நான் ஒட்டிய நாடாவைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

புள்ளி எல்லோருடையதும்தான், மறுக்கவில்லை.
எனக்கு மட்டும் ஒரு முகம் வந்து நின்றது.
ஆர்லன் ஹ்ருஸ்கா, எண் எழுபத்தொன்று.
நாலு சீசன், ஒரு நிமிஷம்கூட மைதானத்தில் இல்லை.
புல்கறை படாத ஜெர்சியை வாராவாரம் துவைத்தேன்,
முறை என்று ஒன்று இருக்கிறதே.
ஒரு கோடையில் புள்ளியியலில் ஃபெயிலானான்.
ஊருக்கே போய்விடுகிறேன் என்றான், போகவில்லை.
நூலகம் ஒன்பதுக்கு மூடிவிடும்.
இங்கே டிரையர்கள் ஓடுகிற அனலில்,
துண்டு மடிக்கிற மேஜையின் பாதியில்
காசு சுண்டிக் கணக்குப் போட்டான்.
ஆறு தடவையும் தலை விழ
அறுபத்து நாலில் ஒன்றுதான் வாய்ப்பாம்.
எனக்கு விளங்கவில்லை. மீதிப் பாதியில் துண்டு மடித்தேன்.
அறுபத்திரண்டு மார்க் வாங்கினான்.

இப்போது ஆர்ட் ஊரில் உர லாரி ஓட்டுகிறான்.
கூப்பிட்டேன்.
"எந்த பவுல்?" என்றான்.
"மெத்தைக் கடை."
சிரித்தான். எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம்.
"இதை ஜெயித்தால் ஆறு ஆகிவிடுமா?"
"ஆகும்."
"சரி, எடை மேடைக்கு வந்துவிட்டேன்" என்று வைத்துவிட்டான்.
அவன் புள்ளியைப் பற்றி நான் சொல்லவேயில்லை.
எப்படிச் சொல்வது,
எனக்கே நிச்சயமில்லாததை.

எழுபத்தொன்று இப்போது வேறொரு பையனிடம்.
பெட்டியில் அதுதான் மேலே இருந்தது. அதிலும் கறை இல்லை.

ராத்திரி எட்டரைக்குக் கதவு தட்டிற்று.
ராட்ஸ்லாஃப்.
ஒன்றும் பேசாமல்
சுருட்டிய காலுறையை மெஷின்மேல் வைத்தான்.