உரிமை கோராதவை

குளத்தில் பெண்கள் நேரம் ஏழிலிருந்து எட்டு.
எட்டரைக்கு மேல் கொடியில் கிடப்பதெல்லாம்
என் பீரோவுக்கு.
முப்பத்தோரு வருஷமாக.

அடித்தட்டில் இருப்பது எனக்கும் முந்தையது.
பாவாடை வைத்த நீலம், போர்வை கனம்.
இடுப்பில் எலும்பு மாதிரி எதையோ வைத்துத் தைத்திருக்கிறது.
கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலில் 'ஐரின்'.
பெரம்பூர் ரயில்வே காலனிப் பெண்ணாக இருக்கலாம்.
கப்பலேறிப் போயிருக்கலாம்.
இதை மாட்டிக்கொண்டு நீந்தினாளா,
கரையில் நின்றதோடு சரியா, தெரியாது.

அதன்மேல் நைலான்கள்.
ஆரஞ்சாய் வந்து பழைய பல்லின் நிறமானது ஒன்று.
தொடை விளிம்பு ஏறி, இறங்கி,
தொண்ணூறுகளில் வெட்கப்பட்டு
ஒரு சுற்றுக் கொசுவம் வைத்துக்கொண்டது.
எலாஸ்டிக் மட்டும் எல்லாவற்றிலும் செத்துப்போனது.
இழுத்தால் திரும்புவதில்லை.

சுவரில் பலகை.
'முழங்கால் தெரியும் உடைக்கு அனுமதி இல்லை'
இருந்த இடத்தில் வெள்ளையடித்து
'சேலை, நைட்டி, பருத்திச் சுடிதாருக்கு அனுமதி இல்லை.'
மழை நாளில் பழைய எழுத்து மேலே வரும்.
இரண்டையும் சேர்த்துப் படித்தால்
யாருமே தண்ணீரில் இறங்க முடியாது.

பேங்க் பத்மாசனி ரங்கநாதன் தெருவில் கேட்டாளாம்.
'உள்ளே போடறதா மேடம், மேலே போடறதா?' என்றானாம் பையன்.
'தண்ணிக்குள்ள போடறது.'
அவன் ரெயின்கோட் எடுத்துக் காட்டினான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து, டிசம்பர், சைதாப்பேட்டை.
ராத்திரி ஆறு வீட்டுக்குள் வந்தபோது
நான் கட்டியிருந்தது வாயில் புடவை.
ஐந்தரை மீட்டர் துணி
எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
காலைச் சுற்றிக்கொண்டு
தெரிந்தவள் யாரோ கூப்பிடுவது போல இழுத்தது.
அவிழ்த்து விட்டுவிட்டேன்.
உள்பாவாடையோடு மாடிப்படியைப் பிடித்தபோது
எதிர்மாடியிலிருந்து டார்ச் அடித்தார்கள்.
வெளிச்சத்தை என் முகத்துக்கு மேலேயே வைத்திருந்தார்கள்.
அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலில் குளத்து வாசலில் வரிசை.
தில்ஷாத் தலையிலிருந்து கணுக்கால்வரை கறுப்பு.
அவள் மகளுக்கு முதுகில் இரண்டே பட்டை, குறுக்காக.
ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு
இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள்.
அந்த வருஷம் பலகையை யாரும் படிக்கவில்லை.
நானும் காட்டவில்லை.

போன செவ்வாய், எட்டரை தாண்டி,
வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தான்.
ஐரினின் நீலத்தைப் போட்டுப் பார்த்தேன்.
எலும்பு விலாவில் குத்தியது, கழற்றிவிட்டேன்.
எவளோ விட்டுப்போன அரைக்கை மேல்சட்டை,
வேறு எவளுடையதோ கால்சட்டை.
மூன்றடி ஆழம்.
காது வரைக்கும் நனைந்தேன்.
குளோரின் மூக்கில் ஏறியது.
உடம்பு இத்தனை லேசா?

புதிதாக வேலைக்கு வந்த சாந்தினி
கொடியைக் காட்டிக் கேட்டாள்:
'பீரோவுல வச்சிடவா அக்கா?'

வேணாம்.
காயட்டும்.