மூன்றாம் தவணை

தொண்ணூறு டிகிரி.
கதவைச் சாத்துகிறேன். மணல் கடிகாரத்தைக் கவிழ்க்கிறேன்.
என் பெயர் வால்புர்கா என்கிறேன்,
தினமும் மாலை ஐந்தரைக்குச் சொல்கிற மாதிரியே.
மூன்று சுற்று. முடியாதவர்கள் நடுவிலே எழுந்து போகலாம்,
அதில் அவமானம் ஒன்றுமில்லை.

பதினான்கு பேர், படிப்படியாய் மூன்று பலகை.
ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு,
விரித்து உட்கார. மறைத்துக்கொள்ள அல்ல.
இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது
எல்லோரும் சேர்ந்து சொல்கிற பொய்.

மேல் பலகை மூலையில்,
வயிறு மடிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு
ஹெர் சுர்ட்சன்தாலர்.
கண்ணாடியை வெளியே கொக்கியில் விட்டிருப்பார்,
உள்ளே கொண்டுவந்தால் சட்டகம் சுட்டுவிடும்.
இந்தப் பள்ளத்தாக்கின் ஒரே வங்கிக்கு மேலாளர்.

செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்
மேசைக்கு அந்தப் பக்கம்.
கழுத்துப்பட்டை, கண்ணாடி, என் தம்பி கிலியனின் கோப்பு.
பதினோரு மாடு. பனியின் பாரத்தில் கூரை சரிந்த தொழுவம்.
"இந்த வருஷம் வேண்டாம். கொஞ்சம் ஆறப் போடுவோம்"
என்று மூடினார். சத்தமே வரவில்லை.
நல்ல விலையுள்ள கோப்பு.

முதல் சுற்று.
குட்டைப் பைன் எண்ணெய் ஊறிய பனி உருண்டையைக்
கல்மேல் வைத்ததும் சீறுகிறது.
ஆவி எழும்பி உத்தரத்தில் முட்டித் திரும்புகிறது.
பனிக்கு முதுகு கொடுத்தே வளர்கிற மரம் அது,
நிமிரவே நிமிராது.
அதன் கிளையை வெட்டி எண்ணெய் காய்ச்சுகிறவனுக்கு
விற்பதும் கிலியன்தான்.
விருந்தினர்கள் கண்மூடி இழுக்கிறார்கள்
என் வீட்டு வறுமையை, ஆழமாக.

துண்டைத் தலைக்குமேல் சுழற்றுகிறேன்.
சூடு மேல் பலகையைத்தான் முதலில் அடிக்கும்.
இது பௌதிகம். பழி அல்ல.

இரண்டாம் சுற்றில் மியூனிக் பெண்கள் இருவர் போனார்கள்.
வெரோனாவின் பல் மருத்துவர் குனிந்தபடி,
காதைப் பொத்திக்கொண்டு போனார்.
இவர் போகவில்லை.
வெளியூர்க்காரர்கள் முன்னால் உள்ளூர்க்காரன்
எப்படி எழுவான்?
எனக்கும் அது தெரியும். நானும் இந்த ஊர்தான்.

மூன்றாவது.
ஒரு கரண்டி, இரண்டு, மூன்று.
துண்டை இரு கையால் பிடித்து
நேராக மூலையைப் பார்த்து வீசினேன்.
முகம் வேகவைத்த பீட்ரூட்.
கையெழுத்துப் போடுகிற கை முழங்கால்மேல் நடுங்கியது.
நான்காவது கரண்டி மொண்டாகிவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன்.
கழுத்துப்பட்டை தொங்குகிற அதே இடத்தில்
கிட்டத்தட்ட அதே நீளத்தில்
மார்பைப் பிளந்து தைத்த தழும்பு.
வேர்வை அதற்குள் இறங்கி
வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கரண்டியை வாளியிலேயே கவிழ்த்தேன்.
மணல் இன்னும் மிச்சம் இருந்தது. கதவைத் திறந்தேன்.
இரக்கமா என்று கேட்காதீர்கள்,
தாளை எழுதியவளுக்கும் தெரியாத கணக்கு அது.

வெளியே பனி. எட்டு பாகை உறைகுளிர்.
கயிற்று வாளிக்கு அடியில் நின்று
உடம்பெல்லாம் புகைய, திசை தெரியாமல் சிரித்தார்.
"அருமையாகச் செய்தீர்கள். எங்கிருந்து வருகிறீர்கள்?
போலந்தா?"

"தேவாலயத்துக்குக் கீழே.
கூரை சரிந்த தொழுவம்."

சிரிப்பு அப்படியே நின்றது, உதட்டில் மட்டும்.
கையால் துழாவினார். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன்.
மாட்டியதும் இரண்டு வட்டமும் வெளுத்துப்போயின.
"நாளைக்கு..." என்று தொடங்கினார். பல் தந்தியடித்தது.

"பேசக்கூடாது. முதலில் ஆற வேண்டும்" என்றேன்,
இங்கே எல்லோரிடமும் சொல்கிற மாதிரி.
கயிற்றை இழுத்தேன்.

உள்ளே திரும்பி ஈரத்துண்டுகளை எண்ணினேன்.
பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்று.
மேல் பலகை மூலையில்
அவர் உட்கார்ந்த ஈரம், ஒரு மனிதனின் அளவில்,
ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

ஏழரைக்கு அடுத்த கூட்டம். லாவெண்டர்.
அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை போட்டேன்.